டெல்லி இன்டர்ன்ஷிப்பும் தங்கச்சிமடத்தில் போன ஒரு வருடமும்

போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அப்பாவுக்குச் சொந்தப் படகு கிடையாது, பங்குக்குப் போகிறவர். அதனால் அந்த இரண்டு மாதமும் வீட்டு வாசலில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார். நான் மதுரையில் எம்.ஏ. அரசியல் அறிவியல் முதல் வருடம், செமஸ்டர் தேர்வுக்குப் படிக்க, ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் ஊர் தங்கச்சிமடத்துக்கு வந்திருந்தேன். வகுப்புத் தோழன் ஒருவன் வாட்ஸப்பில் ஓர் அறிவிப்பை அனுப்பினான். டெல்லியில் தேசப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப், முடித்ததும் சான்றிதழ். கடலோரக் காவல், கடற்படை, கடல் எல்லை என்று கேட்டே வளர்ந்த பையனுக்கு அதைப் பார்த்ததும் என்ன தோன்றியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். எங்கள் ஊரில் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. தனியாகவே முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். யாராவது முன்பே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறு மாதமும் ஒரு தொகையும் மிச்சமாகியிருக்கும்.

முதலில் ஏமாந்த கதை. அந்த நிறுவனத்தின் பெயரில் நேஷனல், செக்யூரிட்டி, கவுன்சில் மூன்று வார்த்தையும் இருந்தன. மேலே மூன்று சிங்க முத்திரை. விண்ணப்பித்த நாலு மணி நேரத்தில் தேர்வாகிவிட்டதாக மெயில் வந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், நான் சந்தோஷப்பட்டேன். பதிவுக் கட்டணம் 4,999 ரூபாய். கட்டிய மறுநாள், அடையாள அட்டைக்கும் பின்னணிச் சரிபார்ப்புக்கும் இன்னொரு 1,500. தடைக்கால நிவாரணம் அம்மா கணக்கில் ஏறியிருந்த நேரம். "கவர்மென்ட் வேலை மாதிரிம்மா" என்று சொல்லித்தான் அந்த 6,499 ரூபாயை வாங்கினேன், அந்த வாக்கியம் இன்றைக்கும் உறுத்துகிறது. அப்புறம் ஜூம் வகுப்பு என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை நடத்தினார்கள். யாரோ ஒருவர் விக்கிபீடியாவை வாசித்தார். நாலாவது வாரம் சான்றிதழ் பி.டி.எஃப். ஆக வந்தது, என் பெயரில் எழுத்துப்பிழையோடு. திருத்தித் தரக் கேட்டால் அதற்கு 300 ரூபாய். ஜூலையில் எங்கள் துறை ஆசிரியர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. "தம்பி, இதை ரெஸ்யூமேயில் போட்டுடாத" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து தேடிப் படித்தேன். தேசியப் பாதுகாப்பு கவுன்சில் என்பது 1998-ல் அமைக்கப்பட்ட அரசு அமைப்பு. அந்தப் பெயர் சாயலில் யார் வேண்டுமானாலும் ஒரு இணையதளம் திறந்துவிடலாம். சிங்க முத்திரையைக் கண்டவர்களும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2005-ல் சட்டமே இருக்கிறது, ஆகவே தனியார் அமைப்பு ஒன்று அதைப் பெரிதாகப் போட்டிருந்தாலே விலகிவிடுங்கள். நிஜமான திங்க் டேங்கா, அதாவது கொள்கை ஆய்வு நிறுவனமா என்று பார்க்க எனக்குக் கைகொடுத்த வழி ஒன்றுதான்: அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளைத் திறந்து, எழுதியவர்கள் யார், வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று தேடுவது. போலியில் கட்டுரையே இருக்காது, இருந்தாலும் பெயர் இருக்காது. நிஜத்தில் ஆள் இருப்பார், ஆண்டுக்கணக்கில் எழுதியிருப்பார். பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் 1965 முதல் நடக்கும் நிறுவனம் ஒன்று டெல்லி கண்டோன்மென்ட்டில் இருக்கிறது, இப்போது மனோகர் பாரிக்கர் பெயரில், சுருக்கமாக ஐ.டி.எஸ்.ஏ. என்பார்கள். தரைப்படை பற்றிய ஆய்வுக்கு கிளாஸ் (CLAWS) என்ற மையம், விமானப்படைக்கு கேப்ஸ் (CAPS) என்ற மையம், கடல் விஷயங்களுக்கு 2005-ல் தொடங்கிய நேஷனல் மேரிடைம் ஃபவுண்டேஷன். யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன் 1870-லிருந்தே இருக்கிறது. டெல்லிதான் என்றில்லை, சீனா பற்றிய ஆய்வுக்குச் சென்னையிலேயே ஒரு மையம் உண்டு. ஒவ்வொன்றின் அறிவிப்பும் விதியும் வேறு வேறு, வருடத்துக்கு வருடம் மாறும், அவரவர் தளத்திலேயே படித்துக்கொள்ளுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். நான் மூன்று மாதம் கழித்து அழைத்தேன். புகாரை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பணம் போன அன்றைக்கே சொல்லியிருந்தால்தான் வங்கியில் நிறுத்தி வைக்க வழி இருக்கும்.

ஆகஸ்டில் முதல் நிஜமான விண்ணப்பம் போட்டேன். ரெஸ்யூமே, ஏன் இங்கே வர விரும்புகிறேன் என்ற ஒரு பக்கக் கடிதம், நானே எழுதிய கட்டுரை மாதிரி ஒன்று, இவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். இந்தோ-பசிபிக்கில் சீனாவின் வியூகம் என்று மூவாயிரம் வார்த்தை எழுதினேன். அதை இப்போது படித்தால் காது சூடாகிறது. பத்து கட்டுரையிலிருந்து பத்து பத்தியை எடுத்து வார்த்தையை மட்டும் மாற்றியிருந்தேன். 1,500 வார்த்தைக்கு மேல் வேண்டாம் என்று அறிவிப்பில் தெளிவாகப் போட்டிருந்தும், அதிகம் எழுதினால் உழைப்பாளி என்று நினைப்பார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். மெயில் முகவரி பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு நடிகர் பெயரோடு கிங் சேர்த்து உருவாக்கியது. மாற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பதில் வரவில்லை. நிராகரிப்பு மெயில்கூட வரவில்லை. இரண்டு மாதம் தினமும் காலையில் போனைத் திறந்ததும் இன்பாக்ஸைப் பார்ப்பேன், பக்கத்திலேயே ஸ்பாமையும். பெரும்பாலான இடங்களில் தேர்வானவர்களுக்கு மட்டும்தான் பதில் போடுவார்கள் என்பதை அறிவிப்பின் கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். அறிவிப்பின் கடைசி வரியை யார் படிக்கிறார்கள்?

அக்டோபரில் இரண்டாவது முயற்சி. இந்த முறை கட்டுரையைவிட என்.ஓ.சி. காலை வாரியது. மாணவராக இருக்கும்போது போகிறீர்கள் என்றால் கல்லூரி தன் லெட்டர்பேடில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இவர் இன்டர்ன்ஷிப் செய்ய ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். நான் போனஃபைடு சான்றிதழை வைத்தால் போதும் என்று நினைத்தேன். இரண்டும் வேறு. போனஃபைடு நீங்கள் அங்கே படிப்பதை மட்டும் சொல்லும். கடைசி நாளுக்கு நாலு நாள் முன்பு ஓடினேன். துறைத் தலைவர் கருத்தரங்குக்காகத் திருச்சி போயிருந்தார். அலுவலகத்தில் இருந்தவர் பழைய கடிதம் ஒன்றையே மாற்றி அடித்துக் கொடுத்தார், அதில் போன வருடத் தேதி அப்படியே இருந்தது. அதைக் கவனிக்காமலே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன். ஆவணம் முழுமையாக இல்லை என்று ஒரு வரி பதில் வந்தது. சொல்லப்போனால் அந்த ஒரு வரிக்கே நான் நன்றியோடு இருந்தேன். இதில் என் அறிவுரை கொஞ்சம் அசிங்கமானது: கடிதத்தை நீங்களே டைப் செய்து, தேதி, பெயர், துறை எல்லாம் சரிபார்த்து, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் லெட்டர்பேடில் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள். கையெழுத்தும் முத்திரையும் மட்டும்தான் அவர்கள் வேலையாக இருக்க வேண்டும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள், நினைவூட்டக் கூச்சப்படாதீர்கள்.

நடுவில் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கட்டுரைக்கு ஒரு படம் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்து, உச்சிப்புளியில் 2009 முதல் இருக்கும் கடற்படை விமானத் தளம் பருந்து பக்கம் போய், சாலையோரம் பைக்கை நிறுத்திவிட்டு போனை நீட்டினேன். இரண்டு படம் எடுப்பதற்குள் ஆள் வந்துவிட்டார். "தம்பி, போனைக் குடு." அதட்டவில்லை, அமைதியாகத்தான் கேட்டார், ஆனால் என் முழங்கால் நடுங்கியது. படத்தை அழித்து, பெயர், ஊர், அப்பா பெயர், கல்லூரி அட்டை எல்லாம் எழுதிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கழித்து விட்டார்கள். ஆய்வுக் கட்டுரைக்கு என்று சொன்னேன். "ஆய்வு பண்றவனுக்குப் போர்டு வாசிக்கத் தெரியாதா?" என்று கேட்டார். படம் எடுக்கத் தடை என்ற பலகைக்குக் கீழேதான் பைக்கை நிறுத்தியிருந்தேன். அலுவல் ரகசியச் சட்டம் 1923-லிருந்து இருக்கிறது, ராணுவத் தளங்கள் அதன் கீழ் வரும். பாதுகாப்பு பற்றி எழுதப் போகிறேன் என்று கிளம்புகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது. பொதுவில் அச்சான ஆவணம், நாடாளுமன்றக் கேள்வி-பதில், அரசு அறிக்கை, செய்தி, இவற்றை வைத்தே எவ்வளவோ எழுதலாம்.

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் எது மறையும்? சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. "நீ எதைப் பத்தி எழுதுற?" என்று கேட்டார். சீனா என்றேன். "சீனாவை நீ பாத்திருக்கியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றைக்கு ராத்திரி பழைய கட்டுரையைத் தூக்கிப் போட்டேன்.

புதிதாக எடுத்தது பாக் நீரிணை. ஆனால் அதிலும் முதல் வரைவில் சறுக்கினேன். கச்சத்தீவில் மீன் பிடிக்கும் உரிமை நமக்கு 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தேன், ஊரில் மேடைதோறும் கேட்டது. அதே துறையில் கட்டுரைகள் எழுதியிருந்த ஆய்வாளர் ஒருவருக்கு மெயில் போட்டு ஒரு பத்தியை மட்டும் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். (முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது முழுக் கட்டுரையை அனுப்பாதீர்கள், ஒரு பத்தியும் ஒரு கேள்வியும் போதும்.) அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: ஐந்தாவது பிரிவை நீங்களே படித்தீர்களா, யாராவது சொன்னதா? தேடி எடுத்துப் படித்தேன். 1974 ஒப்பந்தம் எட்டே எட்டுப் பிரிவு, டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. மீன் பிடிக்கலாம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆறாவது பிரிவு இரு நாட்டுக் கலங்களுக்கும் வழிவழியாக இருந்துவந்த உரிமையைப் பேசுகிறது, வாதம் எல்லாம் அதைச் சுற்றித்தான். 1976-ல் அடுத்த ஒப்பந்தம் வந்தபோது வெளியுறவுச் செயலர்கள் மாற்றிக்கொண்ட கடிதத்தில்தான், ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்காது என்று வருகிறது. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கரையில் இருக்கிறேன், இந்த ஒப்பந்தத்தை ஒரு நாள்கூடத் திறந்து பார்த்ததில்லை. நீங்கள் எந்தத் தலைப்பை எடுத்தாலும் மூல ஆவணத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பாதிப்பேர் அதைச் செய்வதில்லை, என்னையும் சேர்த்து.

ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவன் மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் நண்பன். என்னைவிட நூறு மடங்கு நன்றாக எழுதுவான். ஒரு வார்த்தையை வெட்டச் சொன்னால் ஏன் வெட்ட வேண்டும் என்று கால் மணி நேரம் விளக்குவான். நீயும் போடேன்டா என்று அறிவிப்பைக் காட்டினேன். முதல் தகுதி இந்தியக் குடிமகன் என்று இருந்தது. அவன் இங்கேயே பிறந்தவன், இங்கேயே படித்தவன். "பரவாயில்ல, உன் அடிக்குறிப்பைச் சரிபண்ணு" என்றான். அடிக்குறிப்பு எல்லாம் ஒரே முறையில் இருக்க வேண்டும் என்பதை அவனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

டிசம்பரில் மூன்றாவது விண்ணப்பம், ஜனவரி கடைசியில் ஆன்லைன் நேர்காணல். வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும், காற்றடித்தால் அதுவும் போகும். அதனால் பாம்பனில் மாமா மகன் வைத்திருக்கும் மொபைல் கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்தேன். பின்னால் போன் கவர்கள் தொங்கியதை மறைக்க வேட்டியைக் கட்டினோம். எதிரே இரண்டு பேர், ஒருவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. நான் நாலு நாட்டுக் கூட்டமைப்பான குவாட் பற்றியும் கடல்சார் கொள்கை பற்றியும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது: உங்கள் ஊர் விசைப்படகு வாரத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போகும்? எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. திங்கள், புதன், சனி, மூன்று நாள், மீதி நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்றேன். ஏன் அப்படி என்றார். அங்கிருந்து இருபது நிமிடம் நான்தான் பேசினேன். கரையோரம் நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது, கொஞ்சம் தள்ளினால் பாறை, அதற்கும் அப்பால் எல்லைக் கோடு, நடுவில் இழுவைமடி இழுக்க மிஞ்சும் இடம் எவ்வளவு, இலங்கை 2017-ல் இழுவைமடியையே தடை செய்தபின் அந்தப் பக்கத்துத் தமிழ் மீனவர்கள் நம்மைப் பற்றி என்ன சொல்கிறார்கள், எல்லாம் சொன்னேன். இடையிடையே ஆங்கிலம் தடுமாறியது, அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கேள்விக்குத் தெரியாது என்று சொன்னேன், அதற்கும் தலையாட்டினார்கள். இந்த மூன்று நாள் கணக்கு என் ரெஸ்யூமேயில் எங்கும் இல்லை. எழுத வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

பிப்ரவரியில் தேர்வானதாக மெயில். கூடவே போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்டார்கள். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அப்பா ஒருமுறை எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் ஐந்து வாரம் இருந்து வந்தவர். அதை மறைக்கலாமா, சொன்னால் போய்விடுமா என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. விசாரிக்க வந்தவர் வீட்டில் யாருக்காவது கேஸ் உண்டா என்று கேட்டதும் அப்பாவே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். வந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, "அண்ணே, இந்தத் தெருவுல அது இல்லாத வீடு எது?" என்றார். என் பெயரில் வழக்கு இருக்கிறதா என்பதுதான் அவர் எழுத வேண்டியது, அது இல்லை. எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்: கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். எனக்குத் தாமதமானது வேறு காரணத்தால். ஆதாரில் பழைய வீட்டு முகவரி இருந்தது. அதை மாற்றி, மறுபடி விண்ணப்பித்து, சான்று கைக்கு வர ஏழு வாரம். விண்ணப்பம் போடும் முன்பே முகவரியை நேர்செய்து வைத்திருந்தால் அந்தப் பதற்றமே இல்லை.

செலவைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. இந்த இரண்டு மாதத்துக்கு உதவித்தொகை கிடையாது. சில இடங்களில் தருகிறார்கள், நான் வந்த இடத்தில் இல்லை, அறிவிப்பிலேயே அப்படித்தான் போட்டிருந்தார்கள். ரயில் போக வர 2,600 ரூபாய், ஸ்லீப்பர். டெல்லி முனிர்க்காவில் இன்னொரு பையனோடு பகிர்ந்த அறை மாதம் 7,500, இரண்டு மாதத்துக்கு 15,000. சாப்பாடு 9,000. பஸ், மெட்ரோ 2,400. மொத்தம் 29,000. டியூஷன் எடுத்துச் சேர்த்தது 12,000, ஸ்காலர்ஷிப்பில் மிச்சம் 11,000, மாமாவிடம் கடன் 6,000. போலிக்குக் கட்டிய 6,499 கையில் இருந்திருந்தால் அந்தக் கடனே வாங்கியிருக்க வேண்டாம். அறையை ஊரிலிருந்தே ஆன்லைனில் பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள், வந்து முதல் மூன்று நாள் யாராவது தெரிந்தவர் அறையில் தங்கிப் பார்த்து எடுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். எனக்குக் கிடைத்தது மேற்குப் பார்த்த மொட்டைமாடி அறை, மே மாதம். நம் ஊர் வெயில் வேறு, அங்கே வியர்க்கும், காற்றும் வரும். இங்கே காற்று அடுப்பைத் திறந்த மாதிரி வருகிறது.

வேலை என்னவென்றால், பெரும்பாலும் வாசிப்பதும் அட்டவணை போடுவதும்தான். பிடிபட்ட படகுகள் பற்றிய நாடாளுமன்றப் பதில்களை வருடவாரியாக அடுக்குகிறேன். ரகசியக் கோப்பு எதுவும் கண்ணில் பட்டதில்லை, படும் என்று நினைத்து வந்தால் ஏமாறுவீர்கள். நூலகம் அருமை, அதற்காகவே வரலாம். ஜூன் கடைசியில் முடிகிறது. 15-ம் தேதி படகுகள் இறங்குகின்றன, அப்பா நேற்று போனில் ஐஸும் டீசலும் ஏற்றுவது பற்றியே பேசினார். முதல் தடவை வலையில் இறால் பட்டால் மாமா கடனை அவரே அடைத்துவிடுவதாகச் சொன்னார். வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சரி சரி என்றார். கொடுத்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.